கடன் கொடுத்தவன் கணக்கில் மூன்று படிப்புகள்

பிளஸ் டூ மதிப்பெண் வந்த அன்று மாலை, குமாரபாளையத்தில் என் தங்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நூல் கடை ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் அவள் மகள் பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் கணக்குப் போட்டாள். கணிதம் 89. இயற்பியல் 86, அதில் பாதி 43. வேதியியல் 90, அதில் பாதி 45. கூட்டினால் 200க்கு 177. உள்ளே எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் கத்தித்தான் சொன்னாள். ஒரு முறைக்கு இரண்டு முறை கூட்டிவிட்டு ரசீதை என் பக்கம் நகர்த்தினாள். "மாமா, இதற்கு என்ன கிடைக்கும்?"

அரசுடைமை வங்கி ஒன்றில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிப் பதினோரு ஆண்டு ஈரோட்டுப் பக்கத்துக் கிளைகளில் கல்விக்கடன் என் மேசையில்தான் இருந்தது. எந்தப் படிப்பு நல்ல படிப்பு என்று எனக்குத் தெரியாது. எந்தப் படிப்புக்குக் கொடுத்த கடன் திரும்பி வந்தது, எது வாராக்கடன் ஆனது, எந்த வீட்டு அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்து மகனின் தவணையைக் கட்டினார் என்பது தெரியும். அந்த அறிவை வைத்துத்தான் இந்த ஒப்பீடு. ஆகவே பணக்கணக்கின் வாடை தூக்கலாகவே இருக்கும்.

வீட்டில் பேச்சு மூன்று வழிகளில் வந்து நின்றது. ஒன்று, கருப்பூரில் உள்ள சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற பழைய அரசுக் கல்லூரி ஒன்றில் இ.இ.இ., அதாவது மின்னியல். இரண்டு, கோவைக்குப் போகும் வழியில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் அண்ட் டேட்டா சயன்ஸ்'. மூன்று, ஈரோட்டிலேயே பி.காம்., கூடவே சி.ஏ. என்னும் பட்டயக் கணக்காளர் படிப்பு. முதலாவது என் ஆசை. இரண்டாவது மாப்பிள்ளையின் ஆசை. மூன்றாவதை முதலில் சொன்னது அவளேதான், அதையும் தறிச் சத்தத்துக்கு நடுவே பாதி விழுங்கிச் சொன்னாள்.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "எல்லோரும் கம்ப்யூட்டர்தானே எடுக்கிறார்கள், நாம் மட்டும் எதற்கு மோட்டாரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?" எல்லோரும் எடுக்கிறார்கள் என்பதே எனக்கு முதல் உறுத்தல். நான் பார்த்த அலைகளை அவருக்கு வரிசையாகச் சொன்னேன். தொண்ணூறுகளின் கடைசியில் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் வேண்டும். 2001-02இல் அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் சரிந்ததும் அதே படிப்பைக் கண்டு ஓடினார்கள். பிறகு கொஞ்ச காலம் பயோடெக்னாலஜி. வீட்டுமனை வியாபாரம் சூடுபிடித்தபோது சிவில். 2010க்குப் பிறகு சில ஆண்டுகள் மெக்கானிக்கல்தான் ராஜா; மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டி நின்ற காலம் அது. அன்று மெக்கானிக்கலுக்கு வரிசையில் நின்ற கல்லூரிகள் பல, இன்று அந்தத் துறையையே மூடிவிட்டு அதே கட்டிடத்தில் ஏ.ஐ. வகுப்பு நடத்துகின்றன. லேத் நின்ற இடத்தில் கணினி மேசை.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கு மஞ்சள் போடும் விவசாயிக்கு நன்றாகத் தெரியும். இந்த ஆண்டு விலை ஏறியதைப் பார்த்து ஊரே மஞ்சள் போட்டால், அறுவடைக்கு வரும்போது மண்டியில் என்ன விலை இருக்கும்? பட்டப்படிப்பு நான்கு ஆண்டுப் பயிர். இன்றைய விலையைப் பார்த்து விதைக்கிறோம், 2030ஐ ஒட்டி அறுக்கிறோம். போதாக்குறைக்கு, 2024-25 கல்வியாண்டிலிருந்து, தரமான கல்லூரிகள் ஒரு பாடப்பிரிவில் எத்தனை இடம் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் எடுத்துவிட்டது. விளைவாகக் கம்ப்யூட்டர் சார்ந்த இடங்கள் மளமளவென்று பெருகின. கேட்ட எல்லோருக்கும் இடம் கிடைக்கிறது என்றால், படித்து முடிக்கும்போது பக்கத்தில் நிற்கும் கூட்டமும் அத்தனை பெரிது என்று பொருள்.

மஞ்சள் உவமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் பொய்யாகிவிடும். மஞ்சளைக் குடோனில் வைத்துக் காத்திருக்கலாம். பட்டதாரி காத்திருந்தால் சான்றிதழில் தேதி பழையதாகிக்கொண்டே போகும்.

இப்போது பணம். மாப்பிள்ளை கொண்டுவந்த சுயநிதிக் கல்லூரியின் தாளில் கட்டணம், விடுதி, சாப்பாடு, பயிற்சி, இன்னும் பெயர் புரியாத இரண்டு இனங்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வந்தது. நான்கு ஆண்டுக்கு ஆறு லட்சம். ஏழரை லட்சம் வரை கல்விக்கடனுக்குச் சொத்து அடமானம் தேவையில்லை என்பதால் "கடன்தான் கிடைக்கிறதே" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கிடைக்கும், நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் அதே ரசீதின் மிச்ச இடத்தில் இந்தக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். படிப்புக் காலம், அதன்பின் ஓராண்டு, ஆக ஐந்து ஆண்டு தவணை இல்லை. ஆனால் தனிவட்டி ஓடும். ஒன்பதரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுதோறும் வாங்கிய ஒன்றரை லட்சங்களுக்கு ஐந்தாம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் ஏறக்குறைய இரண்டு லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் எட்டு லட்சம். பத்து ஆண்டில் அடைக்க மாதம் 10,350 ரூபாய். பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் 8,350.

பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் பத்து ஆண்டுக்கு மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே வருகிறது. பிடித்தம் போகக் கையில் மாதம் 25,000 வரும். சென்னையிலோ பெங்களூரிலோ அறை வாடகை, சாப்பாடு போனால் அந்தப் பத்தாயிரத்தை எங்கிருந்து எடுப்பது? எடுக்க முடியாதபோதுதான் அப்பாவின் தறி ஓடும் வருமானம் தவணைக்குத் திரும்பும். கல்விக்கடனில் பெற்றோரும் கூட்டுக் கடனாளி என்பது கையெழுத்துப் போடும்போது யாருக்கும் உறைப்பதில்லை.

அரசுக் கல்லூரியில் விடுதி, சாப்பாடு உட்பட ஆண்டுக்கு ஐம்பதாயிரம் என்று தாராளமாகவே போட்டேன். அதே வட்டி, அதே முறை. தவணை தொடங்கும்போது 2,66,500. ஐந்தே ஆண்டில் முடிக்க மாதம் 5,600. முதல் சம்பளம் இருபதாயிரமாக இருந்தாலும் மூச்சு முட்டாது. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு உரிய தர அங்கீகாரமும் இருந்தால், தவணை தொடங்கும்வரை உள்ள வட்டியை மத்திய அரசின் மானியத் திட்டமே ஏற்கும். அதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். முதல் பட்டதாரி சலுகையும் இவளுக்கு உண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் கட்டணமே இல்லாமல் போயிருக்கும். பத்தாம் வகுப்பு வரை மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பிய பெருமைக்கு மாப்பிள்ளை கொடுக்கும் விலை அது.

பணத்தில் முதல் வழி ஜெயித்துவிட்டது. அதோடு முடிந்துவிட்டால் கட்டுரையே வேண்டாம். மலிவான படிப்பு வேலைக்கு உதவாவிட்டால் அந்த இரண்டே முக்கால் லட்சமும் தண்டம்தான்.

இ.இ.இ.யும் ஏ.ஐ.யும் வேலைச்சந்தையில் எப்படி நிற்கின்றன என்று பார்த்தால், நான் கவனித்ததில் மிக முக்கியமானது இதுதான்: ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகலாம், திரும்பி வர முடியாது. கல்லூரி வளாகத்துக்கு ஆள் எடுக்க வரும் பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் எந்தத் துறை என்று பார்ப்பதில்லை. அறுபது சதவீதம் இருக்கிறதா, நிலுவையில் அரியர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேர்வு வைக்கின்றன. மின்னியல் படித்தவர் அங்கே போய் உட்காரலாம், ஆயிரக்கணக்கில் போய் உட்கார்ந்தும் இருக்கிறார்கள். ஏ.ஐ. படித்தவர் துணைமின் நிலையத்துக்குப் போக முடியாது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் பொறியியல் பணித் தேர்வு நான்கே பிரிவுகளுக்குத்தான்: சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ். கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பொறியியல் பட்டதாரிகள் எழுதும் 'கேட்' தேர்வின் மதிப்பெண்ணை வைத்து என்.டி.பி.சி., பவர் கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போதும் மின்னியலுக்குத்தான் பெரிய பங்கு. ரயில்வே, மின்வாரியம், தமிழ்நாடு அரசின் பொறியியல் பணிகள் எல்லாம் தனி.

இந்த இடத்தில் பழைய வங்கிக்காரனின் ஆசை என் பேனாவைப் பிடித்து இழுக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசு வேலை என்ற சொல் கேட்டாலே எங்கள் தலைமுறைக்குக் கண் பளிச்சிடும். இடங்கள் குறைவு, எழுதுபவர்கள் அதிகம், அறிவிப்பு எப்போது வரும் என்று தெரியாது. மூன்று ஆண்டு அறையில் அடைந்து படித்துவிட்டு, வயதும் போய், தவணையும் நின்று, என் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அதைக் கூடுதல் கதவாக எண்ணலாம், அதையே வீடாக எண்ணக் கூடாது.

தனியார் தொழிற்சாலைப் பக்கம்தான் மின்னியலின் உண்மையான பலமும் பலவீனமும். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், கோவையின் மோட்டார், பம்பு பட்டறைகள், முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள், ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட்டில் நிற்கும் சூரிய மின் நிலையம், மின்வாகனம், பேட்டரி, சார்ஜர், டேட்டா சென்டர் என்று மின்னியல் ஆள் வேண்டாத தொழிலே இன்று இல்லை. ஏ.ஐ.க்காகக் கட்டப்படும் கணினிக் கூடங்களுக்குக்கூட முதலில் மின்சாரம்தான் வேண்டும். ஆனால் பயிற்சிப் பொறியாளர் என்று சேர்பவருக்குச் சிறு, நடுத்தர நிறுவனங்கள் கொடுக்கும் முதல் சம்பளம் பதினைந்து, இருபதாயிரம். ஷிப்டு உண்டு. ஐ.டி.யில் மூன்றாம் ஆண்டு வேலை மாறினால் சம்பளம் தாவும். தொழிற்சாலையில் அது படிப்படியாகத்தான் ஏறும். பெண் பிள்ளை என்றால் இரவு ஷிப்டைக் காரணம் காட்டித் தயங்கும் நிறுவனங்கள் இன்னமும் இருக்கின்றன. தங்கை இதைத்தான் கேட்டாள்: "ஆண்களே நிற்கும் இடத்தில் இவளைக் கொண்டுபோய் நிறுத்தவா?" வடிவமைப்பு, ஆட்டோமேஷன், மின்கட்டமைப்பு மென்பொருள் என்று மேசையில் உட்கார்ந்து செய்யும் மின்னியல் வேலைகளும் உண்டு என்று சொன்னேன். சொல்லும்போதே அவை முதல் நாளே கிடைப்பவை அல்ல என்பதும் நினைவுக்கு வந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு பவானிப் பையன். 2013இல் மெக்கானிக்கல் சேரக் கடன் வாங்கினான். 2017இல் வெளியே வந்தபோது சந்தையில் அவனைப் போல ஊருக்கு நூறு பேர். இருசக்கர வாகன உதிரிபாகக் கடையில் ஒன்பதாயிரத்துக்கு நின்றான். தவணை ஆறாயிரம்; மாதம் இரண்டாயிரம் கொண்டுவந்து கட்டுவான், மிச்சத்துக்கு என் முகத்தைப் பார்ப்பான். ஓராண்டு கழித்து, கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்துக்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டு ஓசூருக்குப் போனான். போனவன் எட்டாவது ஆண்டில் முழுக்கடனையும் ஒரே நாளில் அடைத்தான். கணக்கை முடித்துச் சான்றிதழ் வாங்கிய அன்று எனக்கு அரைக் கிலோ மைசூர்பாகு. இதை மெக்கானிக்கலின் வெற்றி என்பதா, தோல்வி என்பதா? முதல் ஆண்டில் பார்த்திருந்தால் தோல்வி. ஆகவே முதல் சம்பளத்தை வைத்துப் படிப்பை எடைபோடுவதை நான் விட்டுவிட்டேன். சேர்ந்த ஆறாம் ஏழாம் ஆண்டில், வகுப்பின் நடுவில் இருந்த பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்கிறேன். முதல் மாணவர் எந்தப் படிப்பிலும் பிழைத்துக்கொள்வார். கடனைக் கட்டத் திணறுவது நடுவரிசைதான், நம் வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வரிசைதான்.

கம்ப்யூட்டருக்கும் இதே நியாயம் உண்டு. 2006இல் கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்ந்த ஒரு பெண், மூன்றாம் ஆண்டு படிக்கும்போது உலகப் பொருளாதாரம் படுத்தது. சீனியர்கள் வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்ததைப் பார்த்தவள். அவள் வெளியே வந்தபோது சந்தை மீண்டிருந்தது. மூன்றே ஆண்டில் கடனை முடித்தாள். அலை எப்போது கரையைத் தொடும் என்பது யாருக்கும் தெரியாது. அவளுக்கு நல்ல நேரம், அவ்வளவுதான்.

சரி, ஏ.ஐ. அண்ட் டேட்டா சயன்ஸ் என்ற பட்டத்துக்குள் என்ன இருக்கிறது? நல்ல கல்லூரியில் என்றால் கணிதம், புள்ளியியல், நிரலாக்கம், தரவுத்தளம், இயந்திரக் கற்றல். அருமையான படிப்பு. ஆனால் இத்துறைகள் பெரும்பாலான கல்லூரிகளில் 2020ஐ ஒட்டித்தான் தொடங்கப்பட்டன. பாடத்தை நடத்துபவர் யார் என்பதுதான் கேள்வி. மாப்பிள்ளையுடன் அந்தக் கல்லூரிக்கு நானும் போனேன். வரவேற்பறையில் குளிர்பானம் கொடுத்தார்கள், ஏ.ஐ. ஆய்வகத்தைக் காட்டினார்கள்; நாற்பது புதுக் கணினிகள் பளபளத்தன. துறையில் எத்தனை ஆசிரியர்கள், அவர்களில் எத்தனை பேர் இரண்டு ஆண்டுக்கு மேல் இங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். புன்னகையோடு ஒரு வண்ணக் கையேட்டை நீட்டினார்கள். அட்டையில் 'அதிகபட்சச் சம்பளம்' என்று பெரிய எண் ஒன்று. நடுமட்டச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். மறுபடியும் புன்னகை.

இன்னொரு சிக்கல், சிலர் பிற்பாடுதான் கண்டுபிடிப்பார்கள். அரசு வேலை அறிவிப்பில் 'கம்ப்யூட்டர் சயன்ஸ்' என்று இருந்தால், புதுப்பெயர் கொண்ட பட்டம் அதற்கு இணையானது என்பதற்கு அரசாணை காட்ட வேண்டியிருக்கும். தனியார் நிறுவனங்களுக்கு இந்தப் பெயர் வேறுபாடு பொருட்டில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே கட்-ஆஃபில் கிடைத்தால் பழைய பெயரை எடுப்பதே உத்தமம். ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டா ஸ்ட்ரக்சர் என்ற அடித்தளத்தின் மேல் எந்த மாடியையும் பிறகு கட்டலாம்.

ஏ.ஐ. வந்து நிரல் எழுதும் வேலையையே தின்றுவிடும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களே என்று அவள் கேட்டாள். தொடக்க நிலை வேலைகள்தான் முதலில் அடிபடும் என்பது எனக்குப் படுகிறது. முன்பு பத்துப் புதியவர்கள் செய்த சோதனை வேலையை இரண்டு பேர் கருவிகளோடு முடிக்கிறார்கள் என்று அந்தத் துறையில் இருக்கும் என் மகனே சொல்கிறான். அப்படியானால் சராசரிக் கல்லூரியில் சராசரியாகப் படித்த கம்ப்யூட்டர் பட்டதாரிக்குத்தான் இடர் அதிகம். நல்ல கல்லூரியில் நன்றாகப் படித்தவருக்கு அதே கருவி துணையாகும். இரண்டாவது வழியைப் பற்றி என் தயக்கம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்: அந்தக் கல்லூரியில் அந்தப் படிப்பு. ஒட்டுமொத்தமாகக் கம்ப்யூட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்தால் மின்னியலைவிட அதையே முதலில் எழுதச் சொல்வேன். 177க்கு அது எட்டுமா என்பதுதான் சந்தேகம்.

இடையில் ஒரு நடுவழியும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்ட விதிகளில், தன் துறைப் பட்டத்தோடு கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் வேறு துறையில் 'மைனர்', அதாவது துணைத் தகுதி, வாங்க வழி வைத்திருந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயன்ஸ் பட்டத்துக்கு ஜே.இ.இ. நுழைவுத்தேர்வு வேண்டாம், அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றில் தேறினால் போதும், அடிப்படை நிலை, டிப்ளமோ, பட்டம் என்று எந்தப் படியிலும் சான்றிதழோடு இறங்கிக்கொள்ளலாம். 2022இல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக்குழு அனுமதி கொடுத்துவிட்டது. மின்னியல் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு மாலையில் தரவு அறிவியல் படிக்கலாம் என்பது காகிதத்தில் அழகு. ஒவ்வொரு வாரமும் ஒப்படைப்பு, ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு, நடுவில் இங்கே செமஸ்டர். எல்லோராலும் முடியாது. இவளால் முடியும் என்று நினைக்கிறேன், ஆனால் தாய்மாமன் நினைப்பதற்கு என்ன மதிப்பு இருக்கப்போகிறது.

இ.இ.இ.யைத் தாண்டி ஒரு துணுக்கு. சேலம் அரசுக் கல்லூரியில் மெட்டலர்ஜி என்று உலோகவியல் துறை உண்டு. பேரைக் கேட்டதும் பலர் ஒதுங்கிவிடுவார்கள். உருக்கு, வார்ப்பு, வாகன உதிரிபாகம் என்று அதற்கென்று தனி உலகம் இருக்கிறது, படித்து வருபவர்கள் குறைவு. யாரும் கேட்காத இடத்தில் கடை போடுவதும் ஒரு உத்திதான். மாப்பிள்ளையிடம் சொன்னேன். "இரும்புக் கடைக்கா?" என்றார். அத்தோடு விட்டேன்.

மூன்றாவது வழிக்கு வருவோம். சி.ஏ.வுக்குச் செலவு மிகக் குறைவு. நேரமும் மனவலிமையும்தான் முதலீடு. பவுண்டேஷன், இன்டர், ஃபைனல் என்று மூன்று படி. 2023 புதிய திட்டத்தில் பயிற்சிக்காலம் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. அறிவியல் பிரிவில் படித்தவரும் சேரலாம், கணிதம் வருமென்றால் கணக்குப்பதிவைப் பிடித்துக்கொள்வது கடினமில்லை. கடினம் தேர்ச்சியில். ஃபைனலில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதுபவர்களில் நூற்றுக்குப் பத்து, இருபது பேர்தான் ஒரே முறையில் தேறுகிறார்கள். இரண்டு, மூன்று முயற்சி என்பது சாதாரணம். எட்டு ஆண்டு எழுதிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. தேறிவிட்டால்? ஈரோடு, திருப்பூர், கரூர் என்று இந்த வட்டாரத்தில் ஏற்றுமதியாளர், நூல் வியாபாரி, சாயப்பட்டறை, மஞ்சள் மண்டி எல்லாருக்கும் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து கணக்காளர் இல்லாமல் பொழுது விடிவதில்லை. வெளியூர் போகாமல், இரவு ஷிப்டு இல்லாமல், முப்பது வயதுக்குள் சொந்த அலுவலகம். தேறாவிட்டாலும் இன்டர் முடித்தவருக்கு இங்கே வேலை உண்டு, அது தோல்வியாகத் தெரிந்தாலும் சோறு போடும்.

இதில் எனக்குப் பிடித்தது, அவள் இதை ஏன் சொன்னாள் என்பது. இரண்டு ஆண்டாக மாப்பிள்ளையின் பாவு நூல், ஊடை நூல், மீட்டர் கணக்கு, கூலி எல்லாவற்றையும் அவள்தான் கணினியில் எழுதுகிறாள். நீளமான ஒரு அட்டவணை. எந்தத் தறியில் எத்தனை மீட்டர் ஓடியது, எங்கே நூல் சேதாரம் அதிகம் என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறாள். ஆறாம் எண் தறியில் சேதாரம் மற்றவற்றைவிடக் கூட வருவதைக் கண்டுபிடித்து அப்பாவிடம் சொன்னதும் அவள்தான். அந்தத் தறியின் மோட்டார் ஏன் சூடாகிறது என்று அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. எண்கள்தான் அவளுக்கு. இது சி.ஏ.வின் பக்கம் பேசுகிறதா, டேட்டா சயன்ஸின் பக்கம் பேசுகிறதா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இ.இ.இ.யின் பக்கம் மட்டும் பேசவில்லை. இது எனக்குக் கொஞ்சம் கசப்பாகவே இருந்தது.

எந்த வழி ஆனாலும் கல்லூரியைச் சோதிக்க இரண்டு சாவிகள் பொதுவில் கிடைக்கின்றன, பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டருக்குச் செமஸ்டர் வரிசையாக வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அதில் வரமாட்டா. தேசியத் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரி, தான் அனுப்பிய தகவலைத் தன் இணையதளத்தில் போட்டிருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று நான்கு எண்களும் அங்கே வரும். கையேட்டில் ஒரே மாணவனுக்குக் கிடைத்த மூன்று வேலை உத்தரவை மூன்று பேராக எண்ணுவார்கள். இங்கே அந்த வித்தை குறைவு. மூன்றாவது சாவி உங்கள் கால்தான்: மாலையில் கல்லூரி வாசல் டீக்கடைக்குப் போய், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் "வகுப்பில் எத்தனை பேருக்கு அரியர் இருக்கிறது?" என்று கேளுங்கள். நான் கேட்டேன். அந்தப் பையன் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, "அரியர் இல்லாதவர்களை எண்ணட்டுமா சார், அது சுலபம்" என்றான். மாப்பிள்ளை அன்று திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் எழுதும்போது ஒரு தவறை நிறையப் பேர் செய்கிறார்கள். "நமக்குக் கிடைக்காது" என்று மேலே உள்ள நல்ல கல்லூரிகளை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். எட்டாததை மேலே எழுதுவதால் எந்த இழப்பும் இல்லை. உங்கள் தரவரிசை வரும்போது மேலிருந்து கீழாக, காலியாக இருக்கும் முதல் இடம் ஒதுக்கப்படும். ஒதுக்கியதை ஏற்றுக்கொண்டே மேலே உள்ளதற்குக் காத்திருக்கவும் வழி உண்டு. ஆகவே கிடைக்குமா என்று பார்த்து எழுதாமல், வேண்டுமா என்று பார்த்து எழுத வேண்டும். அவளும் அப்படியே எழுதினாள். மேலே ஒன்பது வரி, பழைய கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயன்ஸ். அதன் கீழே சேலம் இ.இ.இ., இன்னும் சில அரசுக் கல்லூரிகளில் இ.இ.இ., இ.சி.இ. எனும் மின்னணுவியல். மொத்தம் முப்பத்தெட்டு. குளிர்பானம் கொடுத்த கல்லூரி அதில் இல்லை, மாப்பிள்ளையும் கேட்கவில்லை. சி.ஏ. பவுண்டேஷனுக்குத் தனியாகப் பதிவு செய்து வைப்போம் என்றும் பேசிக்கொண்டோம்.

பட்டியலைப் பூட்ட வேண்டிய கடைசி நாள் இரவு போனில் எல்லாவற்றையும் ஒரு முறை வாசித்தாள். பத்தாவது வரியில் சேலம் இ.இ.இ. இருக்க வேண்டும், அங்கே சித்தோட்டில் உள்ள ஈரோடு அரசுப் பொறியியல் கல்லூரியின் இ.சி.இ. வந்திருந்தது. சேலம் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. நான் இரண்டு வாரமாகப் போட்ட கணக்கில் இப்படி ஒரு மாற்றத்துக்குக் காரணமே கிடையாது. ஏன் அம்மிணி என்று கேட்டேன்.

"அது வீட்டிலிருந்தே போய்வரும் தூரம் மாமா. வாரக் கடைசியில் பாவுக் கணக்கு எழுத வேறு யார் இருக்கிறார்கள்?"

பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்டது. சரி, பூட்டிவிடு என்றேன்.